செம்பருத்தியில் வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அடுக்குச் செம்பருத்தி இருக்கிறது. அதை மாவுப்பூச்சி பிடித்த வருஷம், நானும் அம்மாவும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு மக் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து கிளை கிளையாகத் தேய்த்தோம். கொழுந்தெல்லாம் சுருண்டு, மொட்டுக்கு அடியில் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அந்தப் பஞ்சுக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க, சில புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. "இதுதான் தாய்ப்பூச்சி போலிருக்கு, விடாதே" என்றார் அம்மா. ஒன்றுவிடாமல் பொறுக்கி நசுக்கினோம். அடுத்த இரண்டு வாரத்தில் செடி முன்பைவிட மோசமாகிவிட்டது.

நாங்கள் நசுக்கியது தாய்ப்பூச்சியை அல்ல. மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே வந்து சேர்ந்த ஒரு பொறிவண்டின் புழுக்களை. அது தெரிந்தபோது ஏற்பட்ட வருத்தத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது எங்கே கிடைக்கும், என்ன விலை என்றுதான் முதலில் கேட்கிறோம். அவற்றில் பாதி நம் தொட்டிச் செடியிலேயே இருக்கின்றன. நமக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வண்டின் பெயர் கிரிப்டோலேமஸ். பூர்வீகம் ஆஸ்திரேலியா. அது இங்கே வந்த கதை பழையது. 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்கே போய், அந்தப் பூச்சியைத் தின்னும் வேடாலியா என்ற பொறிவண்டைக் கண்டுபிடித்துக் கப்பலில் அனுப்பினார். 1888-89ல் போய்ச் சேர்ந்தவை சில நூறு வண்டுகள்தான். ஒன்றரை வருஷத்துக்குள் தோட்டங்கள் மீண்டன. அதைப் பார்த்துவிட்டு உலகம் முழுக்கப் பொறிவண்டுகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அந்த அலையில் 1898ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்ததுதான் கிரிப்டோலேமஸ். காப்பிச் செடியில் வரும் பச்சைச் செதில்பூச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் அது பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவிலேயே தங்கி, மாவுப்பூச்சியைத் தின்று பிழைத்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக நம் ஊர்க்காரன்.

வளர்ந்த வண்டைப் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். மிளகைவிடச் சற்றே சிறியது. முதுகு கறுப்பு, தலையும் பின்முனையும் ஆரஞ்சு. குழப்பம் புழுப் பருவத்தில்தான். ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி முட்டை வடிவத்தில், மூன்று மில்லிமீட்டருக்குள், வாயை இலைக்குள் குத்தியபடி உட்கார்ந்த இடத்தில் இருக்கும். தொட்டால் சோம்பலாக நகரும், அல்லது நகராது. வண்டின் புழு அப்படியல்ல. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். உடம்பிலிருந்து மெழுகு இழைகள் ஒழுங்கில்லாமல், துவைத்து உதறாத பஞ்சுத் துணிபோலத் தொங்கும். ஈர்க்குச்சியால் தொட்டதும் விறுவிறுவென்று நடக்கும். திருப்பிப் போட்டால் ஆறு கால்களும் தெளிவாகத் தெரியும். உட்கார்ந்து சாறு குடிப்பது பகை, ஓடி ஓடித் தேடுவது நட்பு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

இதோடு முடியவில்லை. அதே செம்பருத்தியில் வெள்ளையாக இன்னும் இரண்டு பேர் இருக்கக்கூடும்.

ஒன்று, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. இரவில் டியூப் லைட்டைச் சுற்றி வரும் மெல்லிய பச்சை நிறப் பூச்சி, சல்லடைபோன்ற இறக்கையும் பொன்னிறக் கண்ணும் கொண்டது, பார்த்திருப்பீர்கள். இதில் சில இனங்களின் புழுக்கள், தாங்கள் உறிஞ்சிச் சக்கையாக்கிய பூச்சிகளின் தோலையும் மெழுகையும் முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு திரியும். மேலிருந்து பார்த்தால் ஒரு பஞ்சுத் துணுக்கு தானாக நடப்பதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் முன்னால் அரிவாள்போல் வளைந்த இரண்டு தாடைகள் தெரியும். இந்தப் பூச்சியின் முட்டையும் விசேஷம். இலையிலிருந்து மயிரிழைபோல் ஒரு காம்பு எழும்பி நிற்கும், அதன் நுனியில் ஊசித்தலை அளவுக்கு ஒரு முட்டை. பொரித்து வரும் முதல் புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடாதபடி தாய் செய்த ஏற்பாடு என்று சொல்வார்கள். இதைப் பூஞ்சாணம் என்று நினைத்துத் துடைப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, நம்பவே முடியாதது, ஒரு பட்டாம்பூச்சி. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்று பெயர். பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்பதுதான் நமக்குத் தெரிந்தது. இது இலையைத் தொடாது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் பிறந்து, அதன் மெழுகுத்தூளை உடம்பில் அப்பிக்கொண்டு, அதையே தின்று வளரும். இதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் அப்படியே ஒரு குட்டிக் குரங்கின் முகம்: நெற்றி, கண், மூக்கு எல்லாம் வரைந்து வைத்ததுபோல். கொய்யா இலையின் மேல் ஒரு முறை பார்த்தேன். மூன்று நாள் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

மூன்றும் மூன்று தனித்தனிக் குடும்பங்கள். ஒன்று வண்டு, ஒன்று வலை இறக்கைப் பூச்சி, ஒன்று வண்ணத்துப்பூச்சி. மூன்றும் ஏன் ஒரே வெள்ளை வேஷம் போடுகின்றன? எறும்புக்காக. மாவுப்பூச்சி செடியின் சாற்றைக் குடிக்கிறது. சாற்றில் சர்க்கரை நிறைய, சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சச் சத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சும் சர்க்கரையைப் பின்னால் தேன்போல் சொட்டிவிடுகிறது. எறும்புக்கு அது விருந்து. ஆகவே எறும்பு அதை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கிறது. எதிரி வந்தால் கடித்து விரட்டுகிறது. புதுக் கொழுந்துக்குத் தூக்கிக்கொண்டும் போகிறது. எறும்பின் காவலைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டுமானால் மாவுப்பூச்சி மாதிரியே இருக்க வேண்டும், அல்லது எறும்பின் வாயில் ஒட்டும் மெழுகைப் போர்த்திக்கொள்ள வேண்டும். எறும்பை ஏமாற்றப் போட்ட வேஷத்தில்தான் எங்கள் அம்மாவும் ஏமாந்தார்.

சரி, இத்தனை எதிரிகள் இருந்தும் பூச்சி ஏன் பெருகுகிறது? நான் புரிந்துகொண்டது இது: ஒரு பூச்சி எல்லை மீறிப் பெருகினால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் அதன் எதிரி போதிய அளவில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால்தான் என்ன செய்வது என்பது தெரியும். சில சமயம் எதிரி வேறு நாட்டிலேயே தங்கிவிட்டிருக்கும். பல சமயம் நாமே அதைக் கொன்றிருப்போம். மற்ற நேரங்களில் எறும்பு உள்ளே விடாது, அல்லது வந்த எதிரிக்கு நம் தோட்டத்தில் சாப்பாடு இருக்காது.

எதிரி வேறு நாட்டில் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2008ல் பார்த்தது. அந்த வருஷம் கோயம்புத்தூரில் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அங்கே அது ஒரு தொல்லையே இல்லை. ஏனென்றால் அதைக் கட்டுக்குள் வைக்கும் குளவிகள் அங்கே உண்டு. 1990களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவியபோதும், பிறகு இங்கே வந்தபோதும் அது தனியாக வந்தது. குளவிகள் வரவில்லை.

இரண்டே வருஷத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று கொங்கு நாடு முழுக்க வெளுத்துவிட்டது. பப்பாளி மட்டுமல்ல, மரவள்ளி, மல்பெரி, கத்தரி, பருத்தி, கொய்யா, தேக்கு, செம்பருத்தி, வேலியோரம் இருந்த பார்த்தீனியம் வரை 60க்கும் மேற்பட்ட செடிகளில் ஏறியது. ஒரு பெண் பூச்சி தன் பஞ்சுப் பையில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். மேலே மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. பப்பாளிக்காரர்கள் வாரம் தவறாமல் அடித்தார்கள். பட்டு விவசாயிகளின் நிலைமை இன்னும் கொடுமை. மல்பெரி இலைதான் பட்டுப்புழுவுக்குத் தீனி. மருந்து அடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது. மல்பெரித் தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

உள்ளூர் எதிரிகள் சும்மா இருக்கவில்லை. ஸ்பால்ஜிஸ் வந்தது, கிரிப்டோலேமஸ் வந்தது. ஆனால் அவை எந்த மாவுப்பூச்சி கிடைத்தாலும் தின்பவை. கூட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வேலை செய்யும், குறைந்ததும் நகர்ந்துவிடும். மிஞ்சியது மறுபடி பெருகும். தேவைப்பட்டது இந்த ஒரு பூச்சியை மட்டுமே தேடிப் பிடிக்கும் ஒருவன். அமெரிக்க வேளாண் துறை தன் போர்ட்டோ ரிக்கோ கூடத்தில் அப்படிப்பட்ட மூன்று குளவிகளை வளர்த்துவந்தது. இலங்கையிலும் 2008ல் இதே பூச்சி வந்திருந்தது. அவர்கள் அடுத்த வருஷமே குளவியை வரவழைத்துவிட்டார்கள். பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சிப் பணியகம் 2010 ஜூலையில் மூன்றையும் வரவழைத்து, பூட்டிய அறைக்குள் வைத்துச் சோதித்தது. நம் பட்டுப்புழுவையோ தேனீயையோ, வேறு நல்ல பூச்சிகளையோ தொடுகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் வெளியே விட அனுமதி. அக்டோபரில் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் திறந்துவிட்டார்கள்.

மூன்றில் நின்று விளையாடியது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மஞ்சள் கலந்த பழுப்பில், கடுகுத் தோலில் கிழித்த துணுக்குபோல இருக்கும். யாரையும் கொட்டாது. பெண் குளவி இளம் மாவுப்பூச்சியைத் தேடிப்போய், தன் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, முட்டையை அதன் உடம்புக்குள் இறக்கிவிடும். உள்ளே பொரித்த புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்னும். கடைசியில் மாவுப்பூச்சி வீங்கி, மாவு உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் ஓடுபோல் இறுகிப்போகும். வயல்காரர்கள் இதை 'மம்மி' என்றே சொல்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஓட்டில் கத்தரித்ததுபோல் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

ஐந்தாறு மாதத்தில் விட்ட இடங்களில் பூச்சி அடங்கியது. அதன்பின் குளவி தானே பரவியது. யாரும் மறுபடி மறுபடி வாங்கி விட வேண்டியிருக்கவில்லை. இந்த வேலையால் இந்தியாவுக்கு ஐந்து வருஷத்தில் கிடைத்த பலன் 52.4 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2014ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், தமிழ்நாட்டு விவசாயத்தில் நடந்த பெரிய காரியங்களில் இது ஒன்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குளவி செய்தது என்பதால் யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்று உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பப்பாளி மரம் காய்த்து நின்றால், அதற்கு மருந்தே அடிக்காமல் நீங்கள் பழம் பறித்தால், அந்தக் குளவிக்கும் அதில் பங்கு உண்டு.

பத்து வருஷம் கழித்து இதே கதை மரவள்ளியில் திரும்ப நடந்தது. 2020ல் கேரளத்தில் கண்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் இறங்கியது. ஜவ்வரிசி ஆலைகளின் நாடு அது. இந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவைப் பட்டினிக்குத் தள்ளப் பார்த்த பூச்சி. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில், தென் அமெரிக்காவின் பராகுவேயிலிருந்து அனகைரஸ் லோபசி என்ற குளவியைக் கொண்டுவந்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினார்கள். 1995ல் உலக உணவுப் பரிசு அதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது. அதே குளவியை 2021ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

இப்படி வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது நாம் செய்யும் வேலை அல்ல, செய்யவும் கூடாது. ஹார்மோனியா என்ற ஆசியப் பொறிவண்டை, கொழுந்தில் கூட்டமாக அப்பிச் சாறு குடிக்கும் அசுவினிக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விட்டார்கள். அது அசுவினியைத் தின்றது, கூடவே அந்த ஊர்ப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் தின்றது. இன்று அதுவே அங்கே ஒரு பிரச்சினை. பூட்டிய அறையில் வைத்துச் சோதிக்கும் அந்தச் சில மாதங்கள் அவ்வளவு முக்கியம்.

நம் கையில் இருப்பது, இருக்கும் எதிரியைக் கொல்லாமல் விடுவது. இதற்கு இந்தோனேசியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே அரசாங்கமே பெரும் மானியம் கொடுத்து நெல்லுக்குப் பூச்சிமருந்து விற்றது. அடிக்க அடிக்க, நெல்லின் சாற்றைக் குடிக்கும் புகையான் பூச்சி கூடிக்கொண்டே போனது. காரணம் எளிது. புகையானின் முட்டை தாளின் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே திரிந்த சிலந்தியும் முட்டை தின்னும் நாவாய்ப்பூச்சியும் செத்தன. முட்டை பொரித்து வந்த குஞ்சுகளுக்கு எதிர்ப்பே இல்லாத வயல் கிடைத்தது. 1986ல் அதிபர் சுகார்த்தோ நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

மாடித்தோட்டத்திலும் இதேதான் நடக்கிறது, சின்ன அளவில். தட்டைப்பயறில் அசுவினி அப்பியிருப்பதைப் பார்த்ததும் கடையில் ஒரு பாட்டில் வாங்கி அடிக்கிறோம். அசுவினி முட்டை வைக்காமல் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பொறிவண்டுக்கு ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் முதலில் திரும்பி வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிக்காமல் விட்டாலும் முதல் பத்துப் பதினைந்து நாள் அசுவினிதான் ஜெயிக்கும். அந்த நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டும். மிக மோசமான நுனியை மட்டும் கிள்ளி எறியலாம், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். அப்புறம் ஒரு நாள் இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் கொத்தாக நின்றபடி ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் கறுத்த, முதலைக்குட்டிபோன்ற புழுதான் பொறிவண்டின் பிள்ளை. அது வந்துவிட்டால் கவலையை விடலாம்.

வேப்பெண்ணெய்க் கரைசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ரசாயன மருந்து அளவுக்கு ஆபத்தானது அல்ல. ஆனால் சோப்பும் எண்ணெயும் மெல்லிய தோல் கொண்ட எந்தப் புழுமேல் நேரடியாகப் பட்டாலும் கெடுதல்தான், அது நண்பனின் புழுவாக இருந்தாலும். "இயற்கை மருந்துதானே" என்று வாரம் தவறாமல் செடி முழுக்கக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம் அல்ல. பூச்சி இருக்கும் கிளைக்கு மட்டும், சாயங்காலத்தில், புழுக்களைத் தேடிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

அடுத்து எறும்பு. மாவுப்பூச்சி விஷயத்தில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் பலகாரம் வைக்கும் அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைப்பார்கள். அதே வேலைதான். தொட்டியை ஸ்டாண்டில் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கிவிடுங்கள். கொசு முட்டை வைக்காமலிருக்க இரண்டு சொட்டு எண்ணெய். செடி சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக்கூடாது, தொட்டால் அது பாலம். தரையில் இருக்கும் மரமென்றால் தண்டைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் டேப் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவலாம். எறும்பு நின்ற பிறகு ஒரு மாதம் பாருங்கள். எங்கிருந்துதான் வந்ததோ என்று நினைக்கும்படி வண்டுகள் வந்து சேரும்.

எறும்பையே விரோதி என்று சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகத்தில் பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு எறும்பைப் பற்றியதுதான். கி.பி. 304 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதும் ஒரு சீன நூலில், தென் சீனாவில் முசுறு எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதும், அதை வாங்கி ஆரஞ்சு மரங்களில் கட்டியதும் பதிவாகியிருக்கிறது. நம் மாமரங்களில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் அதே சிவப்பு முசுறு. இலை தின்னும் புழுக்களை அது விட்டுவைக்காது. அதே முசுறு மாவுப்பூச்சிக்கும் காவல் இருக்கும். ஒரே உயிர் ஒரு பூச்சிக்கு எமனாகவும் இன்னொன்றுக்குக் காவலாளியாகவும் இருப்பதால்தான், நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தச் செடியில், எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கத்தரிச் செடியில் இந்தப் பார்வை கட்டாயம் தேவை. புள்ளி போட்ட வண்டெல்லாம் நண்பன் என்று நினைத்து விட்டுவைத்தால், கத்தரி இலை சல்லடையாகிவிடும். பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னும் ஓர் உறவுக்காரன் உண்டு, எபிலாக்னா. பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இதன் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாக, வெல்வெட்போல் தெரியும். புள்ளிகளும் நிறைய, 28 வரை. புழு மஞ்சளாக, முள் முள்ளாக இருக்கும். இதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயம் பெரிய சூட்சுமம் இல்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சி, அசுவினி தின்னும் புழுக்களைப் பெறும் மலர் ஈ, மற்றப் பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் எல்லாம் வளர்ந்த பருவத்தில் மகரந்தமும் தேனும் நம்பி வாழ்பவை. அவற்றின் வாய் சிறியது. ஆகவே சின்னச் சின்னப் பூவாக இருக்க வேண்டும். கொத்தமல்லியை முழுக்கப் பறிக்காமல் நான்கு செடியைப் பூக்க விட்டால் போதும். சோம்பு, துளசி, பூவுக்கு வந்த கீரை எல்லாம் உதவும். தட்டைப்பயறு இரட்டிப்பு லாபம். பூவில்லாமலே காம்பருகே தேன் கசியும், அதோடு அதில் வரும் அசுவினி பொறிவண்டுகளுக்கு நாற்றங்கால். பருத்தி, நிலக்கடலை வயலின் வரப்போரம் தட்டைப்பயறு போடச் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கி விடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாவுப்பூச்சி நிறைய இருக்கும் கொய்யா, திராட்சை, செம்பருத்திக்குக் கிரிப்டோலேமஸ் வாங்கி விடுவது பலன் தரும், எறும்பை நிறுத்திவிட்டு, மருந்து அடித்த வாடை போன பிறகு, சாயங்காலம் விட்டால். டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியை ஒட்டி விற்கும் அட்டை அப்படியல்ல. ஒரு சிசி அட்டையில் 20,000 முட்டைகள்வரை ஒட்டியிருக்கும். எல்லாம் நெல் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் வளரும் குளவிகள். வெளிவந்ததும் அந்துப்பூச்சிகளின் புது முட்டை கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் சில நாளில் சாகும். கரும்புக்கும் நெல்லுக்கும் அருமையான கருவி. பத்துத் தொட்டி வைத்திருப்பவர் காலம் தெரியாமல் வாங்கிக் கட்டினால், பெரும்பாலும் எறும்புதான் அட்டையைத் தின்னும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. கத்தரிக் குருத்துக்குள் துளைத்து உட்கார்ந்துவிட்ட புழுவைப் பொறிவண்டு ஒன்றும் செய்யாது. வாடிய குருத்தைக் கிள்ளித்தான் ஆக வேண்டும். மிளகாயில் இலைப்பேன் முற்றிவிட்டால் காத்திருப்பதற்கு நேரம் இருக்காது. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, செதில்பூச்சி என்று உட்கார்ந்து சாறு குடிக்கும் கூட்டத்துக்கு எதிராகத்தான் இந்த நண்பர்கள் மிகச் சிறப்பாக வேலை செய்கிறார்கள்.

இப்போது எங்கள் செம்பருத்தியில் பூச்சி பிடித்த கிளையை வெட்டினால் உடனே குப்பையில் போடுவதில்லை. முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்போம். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே மாவு உதிர்ந்த, பழுப்பாக இறுகிய மம்மிகள் தெரிந்தால், ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அந்தக் கிளையை வைத்து, செடிக்குப் பக்கத்தில் நிழலில் விட்டுவிடுவோம். மாவுப்பூச்சியால் தண்ணீரைத் தாண்ட முடியாது, கிளை காயக் காய அது அங்கேயே முடிந்துபோகும். குளவிக்கு இறக்கை இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுத் துளைகளை எண்ணுவார். போன ஐப்பசியில் ஒரு கிளையில் 41 எண்ணினார்.